பலகைக்கு மேலால் வந்தது

புது வாட்டுக்குப் போகும் தாதி முதலில் கட்டில்களை எண்ணுவார். ஆண் தாதியான நானும் அப்படித்தான் பழகினேன். இப்போது யாராவது கேட்டால் முதலில் கூரையைப் பாருங்கள் என்பேன். சுவர் கூரையைத் தொடுகிறதா, இடையில் வெளி இருக்கிறதா, அந்த வெளியால் எது எங்கே போகிறது என்று பாருங்கள். கட்டில்களைப் பிறகு எண்ணலாம்.

நெஞ்சு நோய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். சொல்லக்கூடிய நல்ல கதைகள் என்னிடமும் சில உண்டு. வெள்ளத்தில் ஒட்சிசன் சிலிண்டரைத் தோணியில் ஏற்றிப் போனது, ஷெல் விழுந்த நாளில் மேசைக்குக் கீழே வைத்துப் பிள்ளை பெறுவித்தது. அவற்றை என் பிரியாவிடைக் கூட்டத்தில் மற்றவர்களே சொல்லிவிட்டார்கள். நான் எழுதப்போவது அங்கே யாரும் சொல்லாத ஒன்றை. ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருந்தது. காசநோய் இருக்கவில்லை. அவளுக்குக் காசநோய் வராமல் பார்ப்பது என் பொறுப்பு. அதில் நான் தவறினேன். எப்படித் தவறினேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

யுத்த காலம். வாவிக்கரையில் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். நெஞ்சு நோய் வாட்டு மற்றக் கட்டடங்களிலிருந்து விலகி, தண்ணீரை ஒட்டி நின்ற பழைய ஓட்டுக் கட்டடம். ஆண்களுக்கான நீண்ட கூடம். கூடத்தின் கோடியில் ஒரு சிறிய அறை. முன்பு படுக்கைத் துணிகள் அடுக்கிய அறை அது. கூடத்துக்கும் அதற்கும் நடுவே பலகைத் தட்டி. தட்டி கூரைவரை போகவில்லை. மேலே இரண்டு முழம் வெளி. அறைக்குத் தனியே பின் விறாந்தையால் ஒரு கதவு. வாவிப் பக்கம் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெகு மேலே, கூரையோடு ஒட்டி, கையகலத் துவாரம் ஒன்று. துணி புழுங்காமல் இருக்க யாரோ அந்தக் காலத்தில் விட்டது.

வாவிக்கு அக்கரையில் முகாம். மாலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீரில் எங்கள் வெளிச்சம் விழக்கூடாது என்று உத்தரவு. கூடத்துக்கு ஜன்னல்கள் வாவிப் பக்கம் மட்டும்தான்; அதனால் அவை எல்லாம் பொழுதுபட மூடப்படும். அந்தச் சிறிய அறையின் ஜன்னல் முகாமுக்கு நேரெதிரே இருந்தது. அதற்குக் குறுக்கே சட்டம் வைத்து ஆணி அடிக்கப்பட்டிருந்தது.

அந்தப் பெண்ணைக் கனகம் என்று வைத்துக்கொள்வோம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்யும் குடும்பம். முப்பது வயதிருக்கும். புருஷன் வெளிநாட்டில் வேலை செய்து திரும்பி, ஒரு வருடம் மெலிந்து, என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியாமலே போய்ச் சேர்ந்தவன். இவள் வந்தது முதுகைச் சுற்றி அக்கி போட்டு, வயிற்றாலும் போய், நடக்க முடியாத நிலையில். இரத்தம் கொழும்புக்குப் போய் முடிவு வந்தபோது அதைப் படித்தது இரண்டு பேர்; டொக்டரும் நானும்.

டொக்டர் மூன்று ஆஸ்பத்திரிகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஜீப்பின் இயந்திரத்தை நிறுத்தாமலே என்னோடு கதைத்தார்.

"இந்த வருத்தத்துக்கு எங்கிட கையில மருந்தில்ல. கொழும்புக்குத்தான் அனுப்போணும். றோட்டுத் திறக்கிற வரைக்கும் இவவுக்கு நெஞ்சு வருத்தம் தொத்தாமப் பாருங்க. அது தொத்தினா மறுகா கொழும்புக்குப் போயும் பிரயோசனமில்ல. தடுப்புக் குளிசைக்கு எழுதியிருக்கன். வந்தா வரும். அதுமட்டும் நீங்கதான் தடுப்பு."

"ஓம் டொக்டர்."

"எங்க வைக்கப்போறீங்க?"

"நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் போய்விட்டார். பெண்கள் வாட்டின் விறாந்தைக் கோடியில் ஒரு கட்டில் இருந்தது. மூன்று பக்கமும் திறந்த, காற்று ஓடுகிற இடம். அங்கே போடுவதென்றால் அந்த வாட்டுப் பொறுப்பான சிஸ்டரிடம் காரணம் சொல்லவேண்டும். அதற்குச் சில மாதம் முன்புதான், இந்த நோய் இருப்பதாகச் சந்தேகப்பட்ட ஒருவன் சாப்பிட்ட தட்டை எங்கள் ஆட்களே கம்பால் தள்ளிக்கொண்டு போய் வாவியில் போட்டதைப் பார்த்திருந்தேன். கனகத்துக்கு அது நடக்கக்கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது உண்மை. சிஸ்டர் முன்னால் போய் நின்று வாதாட எனக்குத் துணிவு வரவில்லை என்பதும் உண்மை. இரண்டில் எது பெரிது என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

நான் அவளைத் துணி அறையில் போட்டேன். காசநோய்க்குப் பயந்து யாரும் எட்டிப் பார்க்காத மூலை. மற்றவர்களின் பயத்தை அவளுக்கு வேலியாகப் போட்டேன். வேலிக்கு உள்ளே இருப்பது என்ன என்று யோசிக்கவில்லை.

"வருத்தத்திட பேரை ஒருத்தருக்கும் சொல்லாத" என்றேன். "கேட்டா அக்கி எண்டு மட்டும் சொல்லு. இந்த அறைதான் உனக்குப் பாதுகாப்பு."

அவள் அதை எளிதாக எடுத்துக்கொண்டாள்.

"அது எனக்குப் பழக்கம் சேர். களவெட்டியில சூடு அடிக்கக்குள்ள நாங்க ஒண்டுக்கும் அதுட பேரைச் சொல்லமாட்டம். வேற பேர் வைச்சுத்தான் கதைப்பம். சொந்தப் பேரைச் சொன்னாப் பூதம் கேட்டுரும். கேட்டா மறுகா பொலி மிஞ்சாது, எல்லாத்தையும் அள்ளிக்குப் போயிரும்."

களவெட்டி என்பது நெற்சூட்டை அடித்துத் தூற்றுகிற களம்; பொலி, அங்கே குவியும் நெல். எங்கள் பகுதியில் பிறந்தவர்களுக்கு இது தெரிந்த வழக்கம்தான்.

"இஞ்ச பூதம் இல்ல" என்றேன்.

"ஆர் கண்ட?" என்று சிரித்தாள்.

அவளுக்குச் சொன்ன அந்த விதியை நானும் பின்பற்றினேன். வாட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கட்டிலில் தொங்கும் ரிக்கற்றில், அதாவது நோயாளியின் குறிப்பு அட்டையில், 'அக்கி' என்று மட்டும் எழுதினேன். என் லீவு நாளில் வேலை பார்த்தவருக்கும் தெரியாது. அந்த லீவு நாளொன்றில்தான் ஒரு பெரியவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அவர் வாவியில் வலை போடுகிறவர். பாதை என்று நாங்கள் சொல்லும் இயந்திரப் படகு நிற்கும்போதெல்லாம் அவருடைய குளிசையும் நின்றுவிடும். மூன்று தரம் தொடங்கி மூன்று தரம் விட்டவர். சளியில் கிருமி நிறைய இருந்தது. வேறு கட்டில் காலியில்லாததால் தட்டியோடு ஒட்டிய கட்டிலில் போட்டிருந்தார்கள். அடுத்த நாள் வந்து பார்த்தேன். அவருடைய தலைமாட்டுக்கும் கனகத்தின் தலைமாட்டுக்கும் நடுவே ஒரு பலகைதான். அவரை மாற்றவேண்டும் என்று தெரிந்தது. மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். நான் மாற்றவில்லை.

இவ்வளவுதான் தவறு. பிறகு நடந்தவை இதன் கிளைகள்.

பெரியவருக்கு ஓர் இருமல் இருந்தது. இரண்டு சின்னது, பிறகு ஒரு நீளம். மணலில் தோணியை இழுக்கிற மாதிரி அந்த மூன்றாவது. கூடத்தில் எல்லோரும் இருமுகிறவர்கள்தான், ஆனால் அவருடையதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பொழுதுபடும் நேரத்தில் தட்டியில் விரலால் தட்டுவார்.

"புள்ள, சாப்பிட்டியா?"

"ஓம் அப்பா. நீங்க?"

"இஞ்சத்தச் சோத்த நாய் திங்காது. இந்தப் பலகை மட்டும் இல்லாட்டி ஒனக்கு ஒரு செத்தல் மீனாவது சுட்டுத் தந்திருப்பன்."

முகம் பார்க்காமலே அவர்கள் தகப்பனும் மகளுமானார்கள். நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். தனியறையில் கிடக்கிறவளுக்குப் பேச்சுத்துணை கிடைத்தது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில், ஜன்னல்கள் மூடியபின், பிலோமினா அக்கா கூடத்தில் சாம்பிராணி போடுவார். அவர் எங்கள் வாட்டு உதவியாளர், கிறிஸ்தவர்; எங்கள் பேச்சில் வேதக்காரர். ஒருமுறை ஒரு நோயாளி அவரைக் கேட்டான்:

"அக்கா, கோயிலுக்குப் போற ஆள் இல்லையே நீங்க. இது ஆருக்கு?"

"சிவனுக்கும் சேசுவுக்கும் நுளம்புக்கும் சேத்துத்தான் போடுறன். ஆருக்கு வேணுமோ எடுத்துக்கட்டும்."

கச்சான் காற்றுத் தொடங்கியது. தெரியும்தானே, தரையிலிருந்து அனல் அடிக்கிற மாதிரி வரும் அந்தக் காற்று. கனகத்துக்கு அக்கி ஆறிவிட்டது. வயிறும் நின்றுவிட்டது. றோட்டு மட்டும் திறக்கவில்லை. ஒரு காலையில் அவளுடைய தலையணை நனைந்திருந்தது.

"ராவெல்லாம் வேர்க்குது சேர்."

"கச்சானுக்கு ஆருக்குத்தான் வேர்க்கல்ல?" என்றேன்.

கூடத்தில் இருந்த ஒவ்வொருவனிடமும் நான் தினமும் உரக்கக் கேட்கும் கேள்விகள் நான்கு. இருமல் எப்படி? காய்ச்சல் உண்டா? ராவில் வேர்க்கிறதா? உடம்பு இறங்குகிறதா? தட்டிக்கு இந்தப் பக்கம் அதே கேள்விகளைக் கேட்டால் அந்தப் பக்கம் காது கொடுப்பார்கள் என்று கேட்காமல் விட்டேன். ஒரு கேள்விக்கு அவள் தானாகவே பதில் சொன்னாள். அந்தப் பதிலையும் நான் காற்றின் தலையில் போட்டேன்.

பிறகு அவள் இதைச் சொன்னாள். ஒரு சனிக்கிழமை காலை, போர்த்தியிருந்த புருஷனின் பழைய சாரத்தை மடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல்:

"சேர், பொழுதுபட்டா பலகைக்கு மேலால ஆரோ வாறாங்க."

"ஆரு?"

"தெரியா. வெள்ளையா. மேலால வந்து, குனிஞ்சு, என்ட மூஞ்சிக்கு நேர நிப்பாங்க. கொஞ்ச நேரம் பாத்துக்கு நிண்டுட்டு அந்த ஓட்டைக்குள்ளால போயிருவாங்க. எல்லா நாளும் வாறதுதான். வெள்ளிக்கிழமையிலதான் கண்ணுக்குத் தெரியுது."

இதை இப்போது படிக்கிற உங்களுக்கு அவள் சொன்னது என்ன என்று உடனே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் படித்தவன், பேய் பிசாசை நம்பாதவன். அவள் சொன்னது பேய்க்கதை என்று முடிவு செய்ததால் அதற்குள் இருந்த எதையும் கேட்கவில்லை. ரிக்கற்றில் 'பயம், தூக்கக்குறைவு' என்று எழுதினேன். தூக்கக் குளிசையில் பாதி கொடுத்தேன்.

ஆனி மாதம் பெரியவர் இறந்தார். மத்தியானம், சோற்றுத் தட்டு மடியிலிருக்க. மெத்தையைச் சுருட்டி வெளியே வெயிலில் போட்டோம். கட்டில் வெறும் பலகையாகக் கிடந்தது. அந்தக் கிழமையே கனகம் சொன்னாள்:

"அப்பாட இருமல் இன்னும் கேக்குது சேர்."

நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் அதைக் கதையாகவும் சொன்னேன். எல்லோரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். பிலோமினா அக்காதான் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

"செத்தவன் இருமுறதுக்கும் ஒரு நெஞ்சு வேணுமே சேர். அந்த மனிசன் நெஞ்சை இஞ்ச ஆருக்கிட்டக் குடுத்துட்டுப் போனாரோ?"

சிரித்தோம். அந்த வாட்டில் அன்று சொல்லப்பட்ட ஒரேயொரு மருத்துவக் கருத்து அதுதான்.

இரண்டு கிழமை போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை. ஜன்னல்கள் மூடியாகிவிட்டது. பிலோமினா அக்கா தணல் சட்டியோடு கட்டில்களுக்கு நடுவே நடந்து வருகிறார். அக்கரையில் ஏதோ சத்தம் கேட்டதால் எல்லோரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அந்த மௌனத்தில், காலிக் கட்டிலிலிருந்து, இரண்டு சின்னதும் ஒரு நீளமுமாக அந்த இருமல் வந்தது.

ஒருவன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். இன்னொருவன் எழுந்து உட்கார்ந்து கட்டிலையே பார்த்தான். பிலோமினா அக்கா நின்ற இடத்தில் சிலுவை போட்டார். நானும் பயந்தேன். அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் பொறுப்பான ஆள் நான். கட்டிலடிக்குப் போனேன். வெறும் பலகை. கையை வைத்துப் பார்த்தேன், பகல் சூட்டோடு இருந்தது. மறுபடியும் இருமல் வந்தது. என் நெஞ்சு உயரத்தில், தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து.

பின் விறாந்தையால் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தேன். கனகம் கட்டிலில் குந்தியிருந்தாள். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். என்னைக் கண்டதும் எடுத்தாள். அந்தத் துணியில் இருந்ததை லாம்பு வெளிச்சத்தில் பார்த்தேன்.

"எவ்வளவு நாளா?"

அவள் அந்தத் துணியைக் கைக்குள் மடித்துக்கொண்டாள்.

"கனகம், எவ்வளவு நாளா இருமுறாய்?"

"அப்பா இருக்கக்குள்ளயே தொடங்கிற்று. அவரு இருமக்குள்ள நானும் சேத்து இருமிக்குவன். அவருட இருமல் மாதிரியே. ஆருக்கும் தெரியா." தட்டிப் பக்கம் கையைக் காட்டினாள். "அவருக்குத் தெரியும். எனக்கு அடக்க ஏலாம வந்தாப் பலகையில தட்டுவன். அவரு இல்லாத இருமலையும் வரவழைச்சு இருமுவாரு, என்ட கேக்காம இருக்க."

"என்னட்ட ஏன் சொல்லல்ல?"

"நீங்கதானே சொன்னீங்க, இந்த அறைதான் பாதுகாப்பு எண்டு. இருமினா மாத்திப் போடுவீங்க. மாத்தினா ஏன் எண்டு கேப்பாங்க."

அந்தக் கடைசி வார்த்தைகள் என்னுடையவை. பெரியவரின் கட்டிலை மாற்றாமல் விட்ட அன்று நான் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே காரணம். அவளிடம் நான் அதைச் சொன்னதேயில்லை.

சளியில் கிருமி இருந்தது. டொக்டர் வந்தார். ஜீப்பை இந்த முறை நிறுத்தினார்.

"எப்ப தொடங்கின இருமல்?"

"இப்பதான் டொக்டர், ஒரு கிழமையா."

"அந்த அறையில ஏன் போட்டீங்க?"

"வேற கட்டில் இருக்கல்ல."

இரண்டும் பொய்.  அவர் குளிசைகளை எழுதத் தொடங்கினார். அவருக்குப் போகவேண்டிய ஆஸ்பத்திரிகள் இன்னும் இரண்டு இருந்தன.

அவளைப் பெண்கள் பக்கத்துக் காசநோய்க் கட்டிலுக்கு மாற்றினோம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் மாதக்கணக்காகப் பயந்த அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நான் தனியாக அந்த அறைக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். அவளுடைய கட்டிலில், அவள் படுத்த மாதிரி, தலையைத் தட்டிப் பக்கம் வைத்து மல்லாந்து படுத்தேன். அந்தப் பக்கம் பிலோமினா அக்காவின் செருப்புச் சத்தம் நெருங்கியது. சாம்பிராணி வாசம் முதலில் வந்தது. பிறகு தட்டிக்கு மேலே, அந்த இரண்டு முழ வெளியில், புகை தலையை நீட்டியது. பதறாமல், ஆள் ஒருவர் மதில் ஏறுகிற மாதிரி, மெதுவாக இந்தப் பக்கம் கவிழ்ந்தது. பலகையோடு ஒட்டி இறங்கியது. என் முகத்துக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. உண்மையாகவே நின்றது. நான் மூச்சை இழுத்தேன், அது குனிந்தது. பிறகு எதிர்ச் சுவரோடு ஏறி, அந்தத் துவாரத்தால் வாவிப் பக்கம் போனது.

ஜன்னல்கள் மூடிய கூடத்துக்கு மூச்சு விட இருந்த ஒரே வழி அந்தத் துவாரம். முப்பது நெஞ்சுகளின் மூச்சும் அவளுடைய தலையணையைத் தாண்டித்தான் வெளியே போயிருக்கிறது. அவள் பேயைப் பார்த்ததாகச் சொல்லவேயில்லை. பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னாள். வருகிற வழி, நிற்கிற இடம், போகிற ஓட்டை, கண்ணுக்குத் தெரிகிற கிழமை. களத்தில் காற்றுப் பார்த்து நெல் தூற்றிய பெண்ணுக்குக் காற்றின் போக்குத் தெரிந்திருந்தது. நோயாளி விளங்காத ஒன்றைச் சொன்னால் ரிக்கற்றில் பயம் என்று எழுதுமுன், தயவுசெய்து, அவர் படுக்கிற இடத்தில் ஒருமுறை படுத்துப் பாருங்கள்.

எழுந்து, அறையைப் பூட்டினேன். கறையான் பிடித்திருக்கிறது என்று சொன்னேன். புகையைப் பற்றி டொக்டரிடமும் சொல்லவில்லை.

கனகம் குளிசையை ஒழுங்காக விழுங்கினாள். ஒரு நாள் விழுங்கிய தண்ணீர்க் கோப்பையைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"பேர் சொல்லாமத்தானே சேர் இருந்தம். மறுகா எப்பிடி அதுக்குக் கேட்டிச்சு?"

நான் ரிக்கற்றில் எதையோ தேடினேன்.

"இதையும் அவருதான் தந்துட்டுப் போனாரா?"

புருஷனைத்தான் கேட்கிறாள். இல்லை, இது இங்கே வந்தது, என்னால் வந்தது என்று சொல்ல அதைவிட நேரான கேள்வி எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

"அந்த வருத்தத்தோட சேந்து வாறதுதான் இது" என்றேன்.

புத்தகத்தில் தேடினால் அதில் பாதி உண்மை இருக்கும். அவள் தலையை ஆட்டினாள்.

"முந்தினதை மன்னிச்சிட்டன் சேர். அவருக்கும் தெரியாமத்தானே வந்த. ரெண்டாவதையும் ஒளிச்சுக்குத்தான் படுத்திருந்தாரா என்னோட?"

அவள் வந்த நாளிலிருந்து அவனுடைய பழைய சாரம் ஒன்றைத்தான் போர்த்திக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் காலை அந்தச் சாரம் எச்சில் துணி போடும் வாளிக்குள் கிடந்தது. எரிக்கக் கொண்டுபோகுமுன் பிலோமினா அக்கா அதைத் தூக்கி என்னிடம் காட்டினார். போடுங்கள் என்றேன்.

றோட்டுத் திறந்தது. அவளை அம்புலன்ஸில் கொழும்புக்கு அனுப்பினோம். ஏறும்போது என்னைக் கும்பிட்டாள். தடுப்புக் குளிசைகள் அவள் போன பிறகு வந்தன. இரண்டு மாதம் கழித்து, அவள் அங்கேயே முடிந்துவிட்டாள் என்று டொக்டர் சொன்னார். 

அதற்குப் பிறகு ஒரு நாள், பகல் பத்து மணியிருக்கும், ஒரு பெண் பாதையால் வந்திறங்கி வாட்டுப் படியில் நின்றாள். கனகத்தின் புருஷனுடைய தங்கை. கால் எல்லாம் சேறு.

"சேர், மச்சாள் கொழும்புக்குப் போகக்குள்ள ஆளனுப்பிச் சொன்னாவாம், அண்ணனுக்குத் திவசம் குடுக்கவேணாம் எண்டு. அவருட பேருக்கு ஒரு புடி சோறும் வைக்கப்படாதாம். அடுத்த கிழமை திதி வருது. மச்சாளும் இல்ல இப்ப. செத்தவட சொல்ல மீறேலா. அவரைப் பட்டினி போடவும் மனமில்ல." நேராகவே கேட்டாள். "எங்கிட அண்ணன் அவவுக்கு என்ன செஞ்சவர் சேர்?"

நோயாளியின் விபரம் வெளியே சொல்லக்கூடாது என்பது நம் தொழிலின் விதி. நல்ல விதி. அதை நான் இன்றும் மதிக்கிறேன்.

"நோயாளி விசயம் வெளியில சொல்லேலா தங்கச்சி" என்றேன்.

உங்கிட அண்ணன் ஒண்டும் செய்யல்ல, செஞ்சது நாங்க. இதைச் சொல்லியிருந்தால் எந்த நோயின் பெயரும் வெளியே வந்திருக்காது. எந்த விதியும் முறிந்திருக்காது. கனகத்துக்காக நான் காத்த இரகசியம் கடைசியில் என்னை மட்டும்தான் காத்தது.

 அந்தத் தங்கை படியிறங்கினாள். அவளைப் பார்க்காமல் இருக்க எனக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. குறடு எடுத்துக்கொண்டு துணி அறைக்குப் போனேன். பூட்டைத் திறந்து, ஜன்னலின் குறுக்குச் சட்டத்தில் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினேன்.

அந்த ஆணிகளை அடித்தவன் யார் என்று முதலில் எழுதாமல் விட்டேன். நான்தான். முகாமிலிருந்து வந்த உத்தரவு வெளிச்சத்தைப் பற்றியது. பகலில் திறக்கலாம். லாம்பை அணைத்துவிட்டால் இரவிலும் திறக்கலாம். தினமும் திறந்து மூடச் சோம்பி, யாரும் ஏறி வராத அறைதானே என்று, ஒரு மத்தியானத்தில் நான் அடித்தவை அவை.

நாலு ஆணி. ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. ஜன்னல் கதவு அகன்றதும் வாவிக் காற்று உள்ளே வந்தது. புகையோடு வந்து கட்டிலுக்கு அடியில் படிந்திருந்த சாம்பிராணிச் சாம்பலைக் கிளப்பி, தட்டிக்கு மேலால் தூக்கி, கூடத்துக்குள் கொண்டுபோனது. அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். கரையில் பாதை புறப்படும் சத்தம் கேட்டது. அந்தத் தங்கை அதில் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.